நாடா படமும் பால் குக்கர் படமும்

சங்கீதா கண்ணு,

இதை எழுதுகிற கை என்னுடையது இல்லை என்று முதல் வரியிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். உன் அப்பனுக்குக் கையெழுத்து என்றாலே பெருவிரல்தான். நான் சொல்லச் சொல்ல வேலூர் டீச்சரம்மா எழுதுகிறார். தன் தங்கை மகளுக்கு எடுத்த புடவையை வாங்கிப் போக வந்தவரைத் தறிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரு உதவி வேண்டும் என்றேன். "நீங்க பேசறத அப்படியே எழுதட்டுமா, புத்தகத்துல வர்ற மாதிரி எழுதட்டுமா?" என்று கேட்டார். "எம் பொண்ணு காலேஜ் படிச்சவங்க. புத்தகம் மாதிரியே எழுதுங்க. ஆனா யாராவது பேசினத மட்டும் அவங்க பேசின மாதிரியே உட்டுடுங்க" என்றேன். சிரித்தார். ஏன் சிரித்தார் என்பது பின்னால் வரும்.

நீயும் அம்மாவும் கல்யாணப் பத்திரிகை வைக்க வெம்பாக்கம் போயிருக்கிறீர்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேருக்கு நேர் ஆரம்பித்தால் நீ பாதியில் "போதும் நைனா" என்பாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டாய். "நைனா, எங் கல்யாணத்த நம்ம பேஜ்ல போடலாமா, வேணாமா?" நான் ரசம் ஊற்றச் சொன்னேன். பதில் இருந்தது. அதைச் சொல்வதற்கு எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றுதான் யோசனை.

உன் சங்கடம் தெரியாமல் இல்லை. நம் வீட்டு மூன்று தறியிலும் நெய்வதைப் படம் பிடித்து போனில் அந்தப் பேஜில் போட்டு, நீயே விற்க ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. வாங்குகிறவர்களை எல்லாம் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்திருக்கிறாய். அதில் இருக்கிற முந்நூறு பேரில் பாதிப் பேர், "எங்க வீட்டுப் பொண்ணு கல்யாணம் மாதிரி, லைவ் போட்டே ஆகணும்" என்று குரல் அனுப்புகிறார்கள். அந்தப் பக்கம், பெரணமல்லூரில் உனக்கு மாமியாராக வரப்போகிற அம்மா, நிச்சயத்தன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏங்க சம்பந்தி, தாலி கட்டறதெல்லாம் போன்ல வருங்களா? எங்க ஜனம் நெலத்துல வேல செய்யறவங்க, கூச்சப்படுவாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பயந்து சொன்னார். போடவில்லை என்றால் உன்னை நம்பி வந்தவர்கள் முகம் வாடும், வியாபாரமும் கொஞ்சம் வாடும். போட்டால் புகுந்த வீட்டில் முதல் நாளே ஒரு முள். நடுவில் நீ.

பதிலுக்கு முன்னால் நான் செய்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன். நீ மறந்த மாதிரி இருக்கிறாய். எனக்கு ஒன்றும் மறக்காது. எழுதிவைக்கத் தெரியாதவனுக்கு மண்டைதான் நோட்டு.

நம் வீட்டில் தறியும் குடித்தனமும் ஒரே கூடம். தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் இடது கைப் பக்கம் சமையல்கட்டு, வலது கைப் பக்கம் தெருக் கதவு. உன் அம்மா கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதமே ஒரு சட்டம் போட்டாள். நான் குழியில் இருக்கும்போது வீட்டுப் பேச்சு எதையும் என்னிடம் எடுக்க மாட்டாள். அரிசி தீர்ந்தாலும் சரி, அவள் அண்ணன் வந்து நின்றாலும் சரி. பேச வேண்டுமானால் குழி ஓரத்தில் வந்து நின்று, "ஏந்திரிங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். நான் மிதியிலிருந்து காலை எடுத்து, ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைப் பாவு நூலின் மேல் வைத்துவிட்டு எழுந்து வர வேண்டும். வந்த பிறகுதான் விஷயம். இந்தச் சட்டம் எப்படி வந்தது என்றால், ஒரு நாள் குழியில் இருந்தபடியே அவள் தாய்வீட்டைப் பற்றி ஏதோ சொன்னேன், அவள் ஏதோ சொன்னாள், நான் கோபத்தில் மிதியை மாற்றி மாற்றி மிதித்து, அன்று நெய்த முழத்தை முழுக்கப் பிரிக்கும்படி ஆயிற்று. "சண்ட போடறதுன்னா ஏந்து வந்து ஒயுங்கா போடுங்க. பொடவ இன்னா பண்ணுச்சு?" என்றாள். அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால், அந்த ஒரு சட்டம் இல்லாவிட்டால் நான் ஒழுங்காக ஒரு புடவையும் நெய்திருக்க மாட்டேன், ஒழுங்காக ஒரு நாள் குடித்தனமும் நடத்தியிருக்க மாட்டேன்.

அந்தச் சட்டத்தை நான் எப்படி ஏமாற்றினேன் என்பதையும் சொல்ல வேண்டும். உனக்கு அப்போது ஆறு வயது. ஒரு முகூர்த்தப் புடவை, சாயந்திரத்துக்குள் அறுத்துக் கொடுக்க வேண்டும். முந்தானையில் ஒரு ஜாண் பாக்கி. உன் அம்மா வந்து நின்று "ஏந்திரிங்க" என்றாள். "இரு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தாள். "இரு, இரு." மூன்றாவது தடவை சொன்னபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் எழுந்திருக்காததால் அவளும் விஷயத்தைச் சொல்லவில்லை. உனக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது என்பது, புடவையை அறுத்து மடித்துவைத்துவிட்டு எழுந்தபோது பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரியும். அவள் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஓடினேன். நெற்றியில் ஈரத் துணியோடு பெஞ்சில் படுத்திருந்தாய். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "நைனா, பொடவ முடிஞ்சிதா?" என்று கேட்டாய். இரண்டு நாள் உன் அம்மா என்னிடம் பேசவில்லை. "ஏந்திரிங்க" என்றுகூடச் சொல்லவில்லை. தறியில் நானாக உட்கார்ந்து நானாக எழுந்தேன். அந்த இரண்டு நாளில்தான் அந்த வார்த்தையின் அருமை தெரிந்தது.

பிறகு உன் காலம். நீ பேஜ் ஆரம்பித்த முதல் வருஷம், போனைப் பிடித்துக்கொண்டு, "பேசு நைனா, இது இன்னா கலர், எப்படி நெய்யறது, சும்மா சொல்லு" என்பாய். நான் பேசினேன். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. எங்கேயோ இருக்கிறவர்கள் எல்லாம் என்னை நைனா என்றார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டு, பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்தேன். "இன்னிக்கு எத்தன ஹார்ட்டு?" என்று உன்னைத் தினம் நச்சரித்தேன். வீட்டுக் கதை சொன்னால் ஹார்ட்டு கூட வருகிறது என்று கண்டுகொண்டேன். ஒரு நாள், "எங்க ஊட்டம்மாவுக்கு முட்டி வலிங்க, இந்தப் பொடவ வித்தாத்தான் ஆபரேசன்" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். முட்டி வலி நிஜம். ஆபரேஷன் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. சாயந்திரம் நீ போட்டதைக் கேட்டால் அந்தப் பேச்சையே காணோம். "எம் பேச்ச ஏன் வெட்டின?" என்று சண்டைக்கு வந்தேன். நீ நிதானமாக, "அம்மா முட்டி வலிய வெச்சி நான் பொடவ விக்கமாட்டேன் நைனா. பொடவ நல்லாருந்தா வாங்கட்டும்" என்றாய். சமையல்கட்டிலிருந்து உன் அம்மா, "அவ வெட்டாம உட்டிருந்தா இன்னிக்கு உங்களுக்குச் சோறு கெடையாது" என்றாள். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்குத் தெரியாத கோடு ஒன்று உனக்கு அப்போதே தெரிந்திருந்தது. இருபத்து மூன்று வயதில் உனக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். நான் இல்லை.

இனி, இரண்டு வருஷத்துக்கு முந்தின அந்த ஐப்பசி மாதம். டீச்சரம்மா பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

உனக்கு முதலில் சம்பந்தம் பேசிய இடத்தில், நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகு, கல்யாணத்துக்கு அப்புறம் பேஜை மூடிவிட வேண்டும் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். நீ முடியாது என்றாய். அவர்கள் சம்பந்தத்தையே நிறுத்திவிட்டார்கள். மூன்று நாள் டீத்தண்ணிதான் குடித்தாய். எனக்கு மனது பொறுக்கவில்லை. கலசப்பாக்கத்தில் இருக்கிற உன் அத்தையிடம் சொல்லி ஆற வேண்டும் போல இருந்தது. நான் எழுத்தைப் பார்த்து போனைத் தொடுகிறவன் இல்லை, படத்தைப் பார்த்துத் தொடுகிறவன். நம் சொந்தக்காரர்கள் குரூப்புக்கு அரக்குப் புடவை கட்டின உன் அம்மா படம். அன்று காலையில் நீ ஒரு காரியம் செய்திருந்தாய். நிச்சயத்துக்கென்று நான் நெய்த அரக்குப் புடவையை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்து, அதன் படத்தைக் கடை குரூப்பின் முகப்பில் வைத்திருந்தாய். நகத்தளவு படத்தில் அம்மாவும் புடவையும் ஒரே அரக்கு. நான் புடவைப் படத்தைத் தொட்டு, மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினேன்.

பேசினது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. "அம்மாடி, மனசு கேக்கல. கொழந்த மூணு நாளா சோறு துன்னல. அழவும் மாட்டேங்குது. போன் அடிச்சா மூஞ்சத் தொடச்சிகினு, சொல்லுங்க மேடம்னு சிரிச்சிகினு பேசுது. பாத்துகினு இருக்க முடியல. இதுல வேலூர் டீச்சரம்மான்னு ஒண்ணு, ஒரு பொடவைக்கு ஏழு தபா கலர் மாத்துது, பேஜார் புடிச்ச பொம்பள." இந்த இடத்தில் டீச்சரம்மா எழுதுவதை நிறுத்தி, "ஏழு இல்லைங்க, நாலு" என்கிறார். ஏழுதான். கிளிப்பச்சையில் ஆரம்பித்து மாம்பழ மஞ்சள் வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன். ஒப்புக்கொண்டார். அந்தப் பையன் வீட்டாரைப் பற்றி நான் அன்று சொன்னதை மட்டும் எழுதச் சொல்லவில்லை. அதை உன் அத்தைகூடக் கேட்டிருக்கக் கூடாது.

போன் மணி மணியாக அடித்தது. உன் அத்தைதான் பதில் சொல்கிறாள் என்று தொட்டேன். வேறு குரல். "ஐயா, வணக்கம். நான்தாங்க அந்த வேலூர் டீச்சர். இது உங்க வீட்டு குரூப் இல்லைங்க, புடவ குரூப்பு. பொண்ணுகிட்டச் சொல்லி ஒடனே எடுக்கச் சொல்லுங்க. நீங்க பதறாதீங்க." எங்கே அழுத்தினால் போகும் என்று தெரியவில்லை. நடந்ததைச் சொன்னதும் உன் அம்மா போனைப் பிடுங்கித் துண்டில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்து மூடினாள், அங்கே போட்டால் பேச்சு வெளியே போகாது என்கிற மாதிரி. நான் சாயக்காரர் வீட்டுக்கு ஓடினேன். நீ நூல் கலர் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் போன் பையில் இருந்தது, நீ எடுத்துப் பார்க்கவே இல்லை. சொன்னேன். கேட்டாய். அங்கேயே நின்று ஏதோ அழுத்தினாய். "அழிச்சிட்டேன் நைனா." "கேட்டுட்டவங்க?" என்றேன். "அத அவங்கதான் அழிக்கணும்" என்றாய். ஒரு சத்தம் போடவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. பிறகு குரூப்பில் என்னவோ எழுதினாய். நான் என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை. என்னைப் பற்றி எழுதியிருப்பாய், தெரியாத கிழவன், மன்னித்துவிடுங்கள் என்று இருக்கும், அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் அது தெரிந்தது. டீச்சரம்மா தன் போனில் தேடி எடுத்துப் படித்துக் காட்டினார். "இங்கே வந்த குரல் எங்கள் அப்பா சொந்தக்காரர்களுக்குச் சொன்னது. அவர் பொய் பேசுகிறவர் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தைக்காக டீச்சரிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதெல்லாம் எங்கள் வீட்டு விஷயம். கேட்டவர்கள் தயவுசெய்து மறந்துவிடுங்கள். நாளை காலை பத்து மணிக்குப் புதிய புடவைகள் வரும்."

இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். அவர் பொய் பேசுகிறவர் இல்லை. ஆபரேஷன் என்று சொன்னவனைப் பற்றி, அதை வெட்டி எறிந்த பெண் எழுதினது. என்னை அவ்வளவு பேருக்கு முன்னால் விட்டுக்கொடுக்காமல் நின்றாய், உன் காயத்தையும் கடையில் வைக்காமல் எடுத்து உள்ளே வைத்தாய், நாளைக்குப் பத்து மணி என்று தறியையும் ஓட்டினாய். இதற்கு நன்றி என்ற வார்த்தை எனக்குப் போதவில்லை. டீச்சரம்மாவிடம் வேறு வார்த்தை இருக்கிறதா என்று கேட்டேன். அவரிடமும் இல்லை.

உன் வியாபாரம் அன்றோடு போயிற்று என்று பயந்தேன். மூன்று பேர் குரூப்பை விட்டுப் போனார்கள். பையன் வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் கூப்பிட்டு என்னை வாங்கு வாங்கு என்று வாங்கினார், நியாயமாகவே வாங்கினார். மற்றபடி ஒருவர்கூட உன்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் பத்து மணிக்கு முதல் குரல் இந்த டீச்சரம்மாவுடையது. "சங்கீதா, எனக்கு மாம்பழ மஞ்சளே போதும். இனிமே மாத்தல."

அதற்கு அடுத்த நாள் இரண்டு படமும் மாற்றினாய். கடை குரூப்புக்கு என் நாடா. வீட்டு குரூப்புக்கு நம் பால் குக்கர், மூக்கு உடைந்த அதே பால் குக்கர். "இப்ப கொழம்பாது இல்ல நைனா?" என்றாய். அதற்கும் மேலே, கடைக்கென்று தனியாக ஒரு போன் வாங்கினாய். நூல் வருகிற துணிப் பையில் அதைப் போட்டுத் தறிக் காலில் ஆணி அடித்து மாட்டினாய். பத்து மணிக்குப் பை திறக்கும், ஏழு மணிக்குப் பை வாயைக் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் நீயும் ஒழுங்காகக் கட்டவில்லை. ஒரு கையால் சாப்பிட்டு ஒரு கையால் பதில் அனுப்பிக்கொண்டிருந்தாய் என்று நான் கத்தினது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு உன் அம்மா என்னைத்தான் பார்த்தாள். "அது அப்படியே உங்கள மாரி. ஏந்திரின்னா ஏந்துக்காது" என்றாள். மறுநாளிலிருந்து ஏழு மணிக்கு அவள் வந்து உன் பக்கத்தில் நின்று, "ஏந்திரி" என்பாள். நீ ஒரு தடவை முகத்தைச் சுளித்துவிட்டு, பை வாயைக் கட்டிவிட்டு எழுந்து வருவாய். நான் மூன்று தடவையிலும் செய்யாததை நீ முதல் தடவையிலேயே செய்தாய்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். முதல் இடத்தார் கடையை மூடு என்றார்கள். அது தெருக் கதவைப் பூட்டு என்கிற பேச்சு. நீ முடியாது என்றது சரி. பெரணமல்லூர்க்காரர்கள் கேட்பது அதில்லை. கடை நடக்கட்டும், எங்கள் முகம் வேண்டாம் என்கிறார்கள். அது சமையல்கட்டுக் கதவைச் சாத்தி வை என்கிற பேச்சு. நம் கூடத்தில் இரண்டு கதவும் உண்டு என்பது உனக்குத் தெரியாதா. அதே சமயம், குரூப்பில் இருக்கிறவர்களின் பிரியம் பொய் இல்லை. பொய்யாக இருந்தால் நான் பேஜார் பிடித்தவர் என்று சொன்ன அம்மா இங்கே உட்கார்ந்து எனக்காக விரல் நோக எழுதிக்கொண்டிருக்க மாட்டார். அதனால் அவர்களிடம் கல்யாணத்தைச் சொல்லிவிடு. சொல்வது வேறு, காட்டுவது வேறு. கல்யாணப் புடவையைத் தனியாக ஒரு படம் எடுத்து, கல்யாணம் முடிந்த பிறகு போடு. அது நம் தொழில், பெருமையாகவே போடு. தாலி கட்டுகிறதும், அவர்கள் வீட்டு ஜனத்தின் முகமும், நீ கிளம்பும்போது உன் அம்மா அழுகிறதும் பால் குக்கருக்கு. நான் அழுதால் அதற்கும்கூட வேண்டாம். இது என் எண்ணம். நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பேசி வேறு மாதிரி முடிவெடுத்தால், நான் எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டு வந்து நிற்கிறேன்.

மாப்பிள்ளை போன மாதம் வீட்டுக்கு வந்தபோது நீ பையைத் திறந்துவைத்து யாருடனோ கலர் பேசிக்கொண்டிருந்தாய். அவர் கனைக்கக்கூட இல்லை. நீ முடிக்கிறவரைக்கும் தறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முடிஞ்சிதா?" என்றார். பெஞ்சில் படுத்துக்கொண்டு நீ கேட்டாயே, அதே மாதிரி இருந்தது. நல்ல பிள்ளை. ஆனால் காத்திருக்கிற பிள்ளையை ரொம்ப நாள் காத்திருக்க வைக்கக் கூடாது. நம் வீட்டு வார்த்தையை அவருக்குச் சொல்லிக் கொடு. அவர் சொன்னால் நீ எழுந்திரு, நீ சொன்னால் அவரும் எழுந்திருக்கட்டும். மூன்றாம் தடவை வரைக்கும் போக வேண்டாம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அந்தத் துணிப் பையை என் கையில் கொடுத்துவிடு. ஐந்து நாள் நான் வைத்திருக்கிறேன். என்னிடமா என்று பயப்படாதே. திறக்க மாட்டேன். குரூப்புக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்கே டீச்சரம்மா போனில் பேசிப் பதிந்துவைத்துவிட்டேன். இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. நீ கேட்டுவிட்டுச் சரி என்றால்தான் போகும். இதுதான் அது:

"வணக்கங்க. நான் சங்கீதாவோட அப்பா பேசறேன். இந்தத் தபா தெரிஞ்சேதான் இந்த குரூப்ல பேசறேன். எம் பொண்ணுக்கு வர்ற வாரம் கல்யாணம். அஞ்சு நாள் கட கெடையாது. அந்த அஞ்சு நாளும் போன் என் கையில இருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால இன்னா எழுதினாலும் பதில் வராது. மனசுக்குள்ள வாழ்த்துங்க, போதும். ஆறாம் நாள் காலைல பத்து மணிக்கு அவ வருவா. அன்னிக்கு ஒரு நாள் கலர மட்டும் ஜாஸ்தி மாத்தாதீங்க."

கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று டீச்சரம்மாவைக் கேட்டேன். இருக்கட்டும் என்கிறார். இந்தக் கடிதத்தை நாடாப் பக்கம் வைப்பதா, பால் குக்கர் பக்கம் வைப்பதா, உன்னோடு வைத்துக்கொள்வதா என்பது உன் இஷ்டம். எதை வெட்ட வேண்டும் என்று என்னைவிட உனக்குத்தான் தெரியும்.

கீழே இருக்கிற நீலக் கறை என் பெருவிரல்.

உன் நைனா